இரண்டும் சேரும் தூரம்

ஹாலின் நீளம் நான்கு மீட்டர். கவியரசனுக்கு அதில் சந்தேகமே இல்லை. இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று சாமான்களைக்கூட இறக்காமல், கண்ணாடி அலமாரிகளுக்கு இடம் பார்க்க டேப் பிடித்து அளந்தவன் அவன். சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தால் எதிர்ச்சுவர் சரியாக நான்கு மீட்டரில் இருக்கும். ஆனால் கேமராவின் வளையம் ஐந்தரையில் போய் நின்றது.

மாலை நாலரை மணி. காக்ஸ் டவுனில் மதியத்திலிருந்தே தூறல். வெளிச்சம் கழுவிய அரிசித் தண்ணீர் மாதிரி ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. அவன் கண்ணை எடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்தான். சுவர்க் கடிகாரம், அதன் பக்கத்தில் வெறும் சுண்ணாம்பு, கீழே மனைவி தாரணி வாங்கி வைத்த பிளாஸ்டிக் செடி. வேறு ஒன்றும் இல்லை.

அளந்தது இப்படித்தான். இந்த மாதிரிக் கேமராவில் கண் வைக்கும் சின்ன ஜன்னலின் நடுவே மங்கிய மஞ்சளில் ஒரு கட்டம் இருக்கும். எதிரே இருக்கும் பொருள் அந்தக் கட்டத்துக்குள் மட்டும் இரண்டாகத் தெரியும். லென்சைச் சுற்றியிருக்கும் வளையத்தைத் திருப்பினால் இரண்டு உருவங்களும் ஒன்றை நோக்கி ஒன்று நகரும். இரண்டும் ஒன்றாகிவிட்டால், வளையத்தில் எந்த எண் நிற்கிறதோ அத்தனை மீட்டர் தூரத்தில் பொருள் இருக்கிறது என்று அர்த்தம். முதலில் கடிகாரத்தை அளந்தான். இரண்டு கடிகாரங்களும் நான்கில் கச்சிதமாக ஒன்றாயின. கருவியில் கோளாறு இல்லை. ஆனால் கடிகாரத்துக்குப் பக்கத்தில், வெறும் சுண்ணாம்பின் மேல், சாம்பல் நிறத்தில் இரண்டு கறைகள் ஒட்டாமல் நின்றன. வளையத்தை இன்னும் திருப்பினான். ஐந்தரையில் அவை ஒரே கறையாயின.

அதாவது சுவருக்கு அப்பால் ஒன்றரை மீட்டரில். அந்தப் பக்கம் வீடு கிடையாது. கீழே ஒரு சந்து, அதற்கப்பால் சர்ச்சின் மதில். இவன் இருப்பது முதல் மாடி.

"உள்ள இருக்கிற பிரிசக் கண்ணாடியில ஏதோ பிரதிபலிப்பு" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டான். அறிவாளிகளுக்கு எப்போதும் கைவசம் ஒரு காரணம் இருக்கும்.

கவியரசன் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தான். சொந்த ஊர் திருப்பத்தூர். அதைக் கேட்டால் மட்டும் சொல்வான், அதுவும் ஊரைத் தாண்டிவிட்ட பெருமையோடு. அவனுக்குப் பிடித்த விஷயம் ஒன்றுதான், கேமரா சேர்ப்பது. கேமரா சேர்ப்பவர்கள் தனி ரகம். அவர்கள் படம் எடுக்க மாட்டார்கள். எடுப்பவனைக் கண்டால் இளக்காரம். கவியரசனிடம் நூற்றுப் பதினொரு கேமராக்கள் இருந்தன, தாரணியை அவன் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. நாய் பெற்ற தெங்கம்பழம் என்பார்களே, அப்படி நூற்றுப் பதினொரு தேங்காய்களைக் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்டு, உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதிலும் கடைக்கு வந்த கேமரா அவனுக்குக் கேமராவே இல்லை. அதை எவனும் வாங்கலாம். தொழிற்சாலையில் சோதனைக்கென்று இரண்டோ மூன்றோ செய்து பார்த்து, சரிப்படாது என்று தூக்கிப் போட்டது எதுவோ, அந்தக் கழித்துப்போட்ட மாதிரிக்குத்தான் இந்தக் கூட்டம் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலையும். அடியில் கையால் கீறிய எண் இருந்தால் சாமி வந்தவர்கள் மாதிரி ஆடுவார்கள்.

போன வருஷம் மல்லேஸ்வரத்தில் நடந்த கூட்டத்தில் அவன் அப்படி ஒரு லென்சைக் கொண்டுபோய் வைத்தான். சாமிநாதன் என்று ஒருவர், அறுபது வயது, அந்தக் கூட்டத்துக்கே பெரியவர், பூதக்கண்ணாடியை வைத்து இரண்டே நிமிஷம் பார்த்துவிட்டு, "நம்பர் நேத்து பொறிச்சதுப்பா, இன்னும் சூடு ஆறல" என்றார். அறை முழுவதும் சிரித்தது. டீ கொண்டுவந்த பையன்கூடச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கவியரசன் ஒரு வருஷமாகச் சோற்றோடு பிசைந்து தின்றுகொண்டிருந்தான். இன்று ஏழு மணிக்கு அதே கூட்டம் வீடியோ காலில் கூடுகிறது. இன்று அவன் கையில் இருப்பது ஜோதி 35. அந்தச் சிரிப்பைத் திருப்பிக் கொடுக்க இதைவிட நல்ல சாமான் கிடைக்காது.

பீன்யாவில் ஒரு காலத்தில் ஜோதிர்மய் கேமரா ஒர்க்ஸ் என்று ஒரு சின்னக் கம்பெனி இருந்தது. ஜோதி 35 என்று மூன்று மாதிரிக் கேமராக்கள் செய்தது, நான்காவது செய்வதற்குள் மூடிவிட்டது. அவற்றில் மூன்றாவது, இரண்டு தெரு தள்ளி மெர்சி என்கிற பள்ளிக்கூட டீச்சர் வீட்டு பீரோவில் இருப்பதை அவன் மோப்பம் பிடித்திருந்தான். அவளுடைய அப்பா சவரிமுத்து கோலார் தங்கவயல் ஒர்க்‌ஷாப்பில் வேலை பழகி, பீன்யாவுக்கு வந்து அந்தக் கேமராக்களைக் கையால் செய்தவர். ஐந்து மாதம் முன்பு இறந்துபோனார்.

இன்று காலை போய் வாங்கி வந்தான். வாங்கினான் என்பதுகூடத் தப்பு. மியூசியத்தில் வைக்கப்போவதாகச் சொன்னான், அவள் கொடுத்துவிட்டாள்.

"டாடி பேரு போடுவாங்களா சார்?" என்று கேட்டாள் மெர்சி.

"பித்தளைப் பலகையில மேடம். தமிழ், கன்னடம் ரெண்டுலயும்."

அப்படி ஒரு மியூசியம் உலகத்தில் எங்கும் இல்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேமராவை ஒரு பழைய தலையணை உறையில் சுற்றினாள். சுற்றிவிட்டு உடனே கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"ஒண்ணு சொல்லணும் சார். இதுல பாத்தா ரெண்டு உருவமும் மேலயும் கீழயுமா நிக்கும். எவ்ளோ திருப்புனாலும் ஒட்டாது. ரிப்பேர்னு நெனச்சு யாரும் கை வச்சிரப் போறாங்க. டாடி வேணும்னேதான் அப்படி வச்சு அரக்கு போட்டாரு."

"வேணும்னே எதுக்கு மேடம் வைப்பாரு?"

"ரெண்டும் சேரவே கூடாதுன்னுவாரு. வேற ஒண்ணும் சொல்ல மாட்டாரு. சும்னே, வெளயாட்டுக்குச் சொல்லல சார், மியூசியத்துல சொல்லிருங்க."

சொல்லிவிடுகிறேன் என்று தலையாட்டினான். உள்ளுக்குள் சிரிப்பு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சரியாகச் சேர்க்கத் தெரியாத கிழவன், வேண்டுமென்றே செய்ததாக மகளிடம் ஜம்பம் அடித்துவிட்டுச் செத்திருக்கிறான். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நினைத்துக்கொண்டே ஆட்டோ ஏறினான்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் அவள் சொன்னது சரிதான். இரண்டு உருவங்களும் ஒன்றின் தலைக்கு மேல் ஒன்றாகவே நின்றன. மேல்மூடிக்கு அடியில் ஒரு சின்னத் திருகு, அதன் தலையில் சிவப்பு அரக்குப் பொட்டு. கை படாத அரக்கு என்றால் சேர்ப்பவர்களுக்கு அது கன்னித்தன்மை. அதை உடைத்தவனைச் சபையில் சேர்க்க மாட்டார்கள். ஆனால் உருவங்கள் சேராத கேமராவைக் காட்டினால் சாமிநாதன், ஓடாத கடிகாரத்துக்கு எதற்கப்பா ஊர்வலம் என்பார். கவியரசன் கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தான். பிறகு ஊசியால் அரக்கைப் பெயர்த்தான். திருகை அரைச் சுற்றுத் திருப்பினான். மேலே நின்ற உருவம் மெல்லக் கீழே இறங்கி மற்றதன் தோளோடு தோளாக வந்து நின்றது. உடைந்த அரக்குக்குப் பதில் தாரணியின் சிவப்பு நகப்பூச்சை ஒரு சொட்டு வைத்து, ஊதிக் காய வைத்தான். கூட்டத்தில் பாதிப் பேரின் கை படாத அரக்கு மனைவிமார்களின் நகப்பூச்சுதான். யாரும் யாரையும் காட்டிக் கொடுப்பதில்லை.

காய்ந்ததும் சோபாவில் உட்கார்ந்து அளந்தபோதுதான் வளையம் ஐந்தரையில் நின்றது.

மூன்று முறை அளந்து மூன்றும் ஒத்துப்போனால்தான் அளவு என்பது இவர்களுடைய வழக்கம். கண்ணாடியைத் துணியால் துடைத்துவிட்டு இரண்டாவது முறை வைத்தான். கறை அங்கேயே இருந்தது. இரண்டு கறைகளை நெருக்கிக் கொண்டுவந்தான். கைக்கு வளையம் எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு போயிற்று. ஒன்று மற்றதன் மேல் ஏறிப் படிந்தது. படிந்த அந்தக் கணத்தில் கறைக்கு ஒரு உயரம் வந்தது, ஓர் ஆள் உயரம். கைகளை விலாவோடு ஒட்டவைத்துக்கொண்டு விறைப்பாக நிற்கிற ஆளின் உயரமும் அகலமும்.

வளையம் நான்கில் நின்றது.

அவன் கேமராவை மடியில் இறக்கினான். சுவர் வெறும் சுவராகத்தான் இருந்தது. தூறல் ஜன்னல் தகரத்தில் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. சந்தில் ஒரு ஆட்டோ பின்னுக்கு நகர்ந்தது, அடுத்த வீட்டுச் சந்திரம்மா மொட்டைமாடிக் கொடியிலிருந்து நனைந்துபோன துணியை எடுத்தபடி யாரையோ கன்னடத்தில் வைதுகொண்டிருந்தாள். எல்லாம் வழக்கம்போல இருந்தது. ஒரு வாசனை மட்டும் புதிது. சமையலறையிலிருந்து வருகிற வாசனை இல்லை. சாக்கடையும் இல்லை. வெயிலே படாத பாறையைக் குடைந்தால் வருமே, ஈரக் கல்லும் துருவும் கலந்த ஒரு குளிர்ந்த வாடை, அது மூக்கில் ஏறி அங்கேயே தங்கிவிட்டது. மழைக்கு அலமாரி மரம் ஊறுகிறது என்று தீர்மானித்தான்.

மூன்றாவது முறை அளக்காமல் இருந்திருக்கலாம். அளக்காமல் இருக்க அவனுக்குத் தெரியாது.

இரண்டு புள்ளி எட்டு. இப்போது அது டீப்பாய்க்குப் பக்கத்தில் நின்றது. அதற்குப் பின்னால் இருந்த கடிகாரம் தெரியவில்லை. தலை இருக்க வேண்டிய இடம் சற்றே ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, யாரோ கூப்பிட்டது போலவும் இன்னும் சரியாகக் கேட்காதது போலவும். முகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

கவியரசன் எழுந்து நின்றான். ஜன்னல் பக்கம் திரும்பி, அங்கே வைத்துப் பார்த்தான். அங்கேயும் கட்டத்தின் நடுவில் நின்றது. சமையலறை வாசலுக்குத் திரும்பினான், அங்கேயும். படுக்கையறைக் கதவுக்கு. அங்கேயும். அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. அது ஹாலில் இல்லை. அவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவனுக்கு எதிரில் இருக்கிறது. கை தானாக வளையத்தைத் திருப்பி இரண்டையும் சேர்த்துவிட்டது. சேர்த்த பிறகுதான் சேர்த்தது தெரிந்தது.

இரண்டு மீட்டர்.

பூட்டுக்குள் சாவி திரும்பியது. அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாரணி ஈரக் குடையை வாசலிலேயே விரித்து வைத்துவிட்டு உள்ளே வந்தாள். ஃப்ரேசர் டவுனில் ஒரு பல் டாக்டரிடம் ரிசப்ஷனில் வேலை. வந்ததும் வராததுமாக அவன் கேமராவை நீட்டினான். கல்யாணமான பதிமூன்று வருஷத்தில் அவன் அவளிடம் ஒரு கேமராவைத் தொடக் கொடுத்தது இதுதான் முதல் தடவை.

"இதுல கண்ண வச்சுப் பாரு."

"கை ஈரமா இருக்குங்க."

"பரவால்ல, பாரு. நடுவுல மஞ்சக் கட்டம் இருக்கும். அந்த வளையத்தத் திருப்பு."

அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாங்கிப் பார்த்தாள். அவன் எதிர்ச்சுவரை ஒட்டிப் போய் நின்றுகொண்டான்.

"என்ன தெரியுது?"

"நீங்கதான் தெரியறீங்க. ரெண்டா இருந்தீங்க, இப்ப ஒண்ணாயிட்டீங்க."

"நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல?"

"நடுவுல என்ன இருக்கு? ஒண்ணும் இல்ல." கேமராவை டீப்பாயில் வைத்தாள். "இதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்? மொகம் ஏன் இப்படி வெளிறிக் கெடக்கு? மத்தியானம் சாப்டீங்களா இல்லையா?"

"உனக்கு என்ன தெரியும் இதப்பத்தி. போ."

"தெரியாதுதான். தெரியாதவகிட்ட எதுக்குக் குடுத்தீங்களாம்?" என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குள் போனாள். குக்கரை எடுத்து வைக்கும் சத்தமும் குழாயைத் திறக்கும் சத்தமும் கேட்டன. அந்தச் சத்தங்கள் அவனுக்கு இவ்வளவு வேண்டியவையாக ஒருநாளும் இருந்ததில்லை. அவள் பின்னாலேயே போய்ச் சமையலறையில் நின்றுகொள்ளலாமா என்று தோன்றியது. பயமாக இருக்கிறது என்று சொன்னால் சிரிப்பாள். போகவில்லை.

யோசித்தான். இரண்டு உருவத்தையும் சேர்க்கும்போதெல்லாம் அது ஒரு படி கிட்டே வருகிறது. சேர்க்காவிட்டால் வராது. கேமராவைத் தொடவே வேண்டாம். சவரிமுத்து திருகை ஏன் அப்படி வைத்து அரக்குப் போட்டார் என்பது இப்போது இந்த மரமண்டைக்கு ஏறியது. கேமராவைத் தலையணை உறையில் சுற்றி டீப்பாயின் அடியில் தள்ளினான். நிமிர்ந்தான்.

வெளிச்சம் மங்கிவிட்டிருந்தது. டியூப் லைட்டைப் போட்டான். வெள்ளை வெளிச்சத்தில் ஹால் பளிச்சென்று வந்தது, அலமாரிகள், சோபா, செடி. அவற்றின் மேல், அவற்றுக்கு முன்னால், கண்ணில் பூளை படிந்த மாதிரி மங்கலாக இரண்டு சாம்பல் தூண்கள் நின்றன. ஒன்று இடது பக்கம், ஒன்று வலது பக்கம்.

கேமரா இல்லாமல். வெறும் கண்ணுக்கு.

கண்ணைக் கசக்கினான். இருந்தன. இடது தூணைப் பார்க்கத் திரும்பினான். பார்க்கப் பார்க்க இரண்டும் நடுவை நோக்கி நகர்ந்தன. அவன் கைகள் இரண்டும் தொடையில்தான் இருந்தன, எந்த வளையத்தையும் அவன் திருப்பவில்லை. கண்ணுக்கு உள்ளே, மூக்குத் தண்டின் இரண்டு பக்கமும், ஏதோ ஒரு நரம்பு கயிறு இழுப்பது போல இழுபட்டது. சட்டென்று தலையை உதறி மேலே விசிறியைப் பார்த்தான். விசிறியின் மேலும் இரண்டு தூண்கள். இப்போது இன்னும் நெருக்கமாக.

மெர்சிக்குப் போன் செய்தான்.

"சொல்லுங்க சார். மியூசியத்துல குடுத்தாச்சா?"

"மேடம், உங்க அப்பா... அந்தக் கேமராவுக்கு அப்புறம் அவருக்கு ஏதாவது... உடம்புக்கு..."

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல சார். எம்பத்தி ரெண்டு வயசு வரைக்கும் கல்லு மாதிரி இருந்தாரு. எடது கண்ணுல மட்டும் பஞ்சு வச்சு பிளாஸ்டர் போட்டுக்குவாரு. எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து."

"கண்ணுல என்ன?"

"ஒண்ணும் இல்லையே! டாக்டர்கிட்ட காட்டினோம், ரெண்டு கண்ணும் சூப்பரா இருக்குன்னுட்டாரு. ரெண்டு கண்ணால பாத்தா கிட்ட வருது மெர்சி, ஒத்தக் கண்ணு போதும்னுவாரு. தூங்கும்போதுகூட எடுக்க மாட்டாரு. மனசுல ஏதோ கோளாறுன்னு விட்டுட்டோம். பொட்டில வச்சப்பகூட பிளாஸ்டரோடதான் வச்சோம். ஏன் சார் கேக்கறீங்க?"

அவன் போனை வைத்துவிட்டு உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்தினான்.

ஒரு தூண் மறைந்தது. மற்றது நின்றது. நகரவில்லை. தட்டையாக, காலண்டர் படம் மாதிரி, தூரமா கிட்டவா என்றே சொல்ல முடியாமல் சும்மா நின்றது. சேர்வதற்கு ஜோடி இல்லை. அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. சவரிமுத்துவைக் கிழவன் என்று நினைத்ததற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றியது. கேட்கவும் செய்தான், வாய்க்குள்ளேயே. குளியலறை அலமாரியைத் துழாவிப் பஞ்சும் பிளாஸ்டரும் எடுத்துக் கண்ணை அழுத்தி ஒட்டிக்கொண்டான். கண்ணாடியில் முகம் கோமாளி மாதிரி இருந்தது. இருக்கட்டும். இப்படியே சாகும்வரை இருந்துவிடலாம். சவரிமுத்து இருக்கவில்லையா? ஆபீசில் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். கேமராவை நாளைக்கே மெர்சியிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஏழு மணிக்குப் போன் அடித்தது.

எடுக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு வருஷமாகக் காத்திருந்த ஏழு மணி அது. கேமராவைக் கண்ணில் வைக்கவே வேண்டாம், கையில் பிடித்துக் காட்டினால் போதும் என்று மனசு உடனே வக்காலத்து வாங்கியது. தாரணியைக் கூப்பிட்டுப் போனைப் பிடித்துக்கொள்ளச் சொன்னான். அவள் அவன் கண்ணைப் பார்த்துவிட்டு, "ஐயோ, என்னங்க ஆச்சு?" என்றாள்.

"தூசி. பேசாம பிடி."

அவள் இரண்டு மீட்டர் தள்ளி, சமையலறை வாசலில் நின்று போனைப் பிடித்தாள். அவன் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து, தலையணை உறையைப் பிரித்து, ஜோதி 35ஐ இரண்டு கையாலும் ஏந்திக் காட்டினான். ஒரு நொடி எந்தச் சத்தமும் இல்லை. அந்த அமைதியை அவன் ருசித்தான். பிறகு சாமிநாதனின் குரல் வந்தது.

"கேமரா இருக்கட்டும். கண்ணுல என்னப்பா கட்டு?"

"ஒண்ணும் இல்ல சார், தூசி."

"ரெண்டு கண்ணால பாத்தே போன தடவ போலியா அசலான்னு உனக்குத் தெரியல. இப்ப ஒத்தக் கண்ணா?"

முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு பத்துப் பேர். பிறகு எல்லோரும். சின்னச் சின்னச் சதுரங்களுக்குள்ளிருந்து அந்த ஹால் முழுவதும் சிரிப்பு கொட்டியது. யாரோ, "கடற்கொள்ளைக்காரன்கிட்ட பிடுங்கினதாம்பா" என்றான். போனைப் பிடித்திருந்த தாரணியின் உதடுகூட ஒரு ஓரமாக இழுபட்டது. அடக்கத்தான் பார்த்தாள்.

அதுதான் பொறுக்கவில்லை. கவியரசன் வாழ்நாள் முழுக்க எல்லோரையும் பார்த்துச் சிரித்தவன். டீச்சரைப் பார்த்து, கிழவரைப் பார்த்து, படம் எடுப்பவனைப் பார்த்து, கட்டிய மனைவியைப் பார்த்து. ஒரே ஒரு தடவை அவனைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தால் அவனால் உட்கார முடியாது. பிளாஸ்டரின் நுனியைப் பிடித்தான். புருவ மயிரோடு பிய்த்து எறிந்தான்.

"இந்தா, ரெண்டு கண்ணு இருக்கு! பாருங்கடா!"

வாடை வந்தது. ஈரக் கல், துரு.

சிரிப்புச் சத்தம் எங்கோ கிணற்றுக்கு அடியில் போய்விட்டது. இரண்டு தூண்களும் நின்றன. மிகக் கிட்டே நின்றன. அவன் மூடியிருந்த நேரத்துக்கும் சேர்த்து வந்திருந்தன.

கண்ணை மூடினான். இருட்டில் இன்னும் தெளிவாகத் தெரிந்தன. திறந்தான்.

மூக்குத் தண்டின் இரு பக்கமும் இழுபட்டது. வலித்தது. கண்கள் இரண்டும் உள்நோக்கித் திரும்பின. அவன் திருப்பவில்லை. எதிரே நின்ற தாரணி இரண்டானாள். இரண்டு தாரணிகள், இரண்டு வாசல்கள், இரண்டு டியூப் லைட்டுகள். அவை ஆளுக்கொரு பக்கம் மெல்ல விலகிப் போக ஆரம்பித்தன.

"ஏங்க," என்றார்கள் இரண்டு தாரணிகளும். "கண்ண ஏன் அப்படி பண்றீங்க? ஏங்க!"

தூண்கள் நெருங்கின. ஒரு சாண் இடைவெளி. நாலு விரல். இரண்டு விரல்.

பொத்த வேண்டும். ஒரு கண்ணைப் பொத்தினால் போதும். கேமரா மடியில் விழுந்தது. அவன் வலது கையைத் தூக்கி முகத்துக்குக் கொண்டுபோனான். கை முகத்துக்கு வந்து சேரவில்லை. வழியில், ஒரு சாணுக்கு முன்பே, எதன் மேலோ பட்டது.

ஈரம். குளிர். உள்ளங்கைக்கு அடியில் முதுகெலும்பு.

அது அவன் கைக்கும் முகத்துக்கும் நடுவில் நின்றது, விரல்கள் அதன் முதுகில்தான் இருந்தன.

தாரணிகள் இருவரும் பார்வையின் இரண்டு ஓரங்களுக்கும் போய்விட்டார்கள். அங்கிருந்து இரண்டு பேரும் அவன் பெயரைக் கத்தினார்கள். நடுவில் இடம் காலியானது. அந்த இடத்தில் ஒன்று மற்றதன் மேல் ஏறியது. படிந்தது. ஓரம் ஓரத்தோடு ஒட்டியது.

ஒன்றானது.

இப்போது அதற்கு முகம் இருந்தது. அவன் மூக்கு நுனிக்கு எதிரே, மூச்சுக்கூட இடம் இல்லாத தூரத்தில். அதற்கும் இரண்டு கண்கள் இருந்தன. அவனைச் சரியாகப் பார்ப்பதற்காக, அந்த இரண்டு கண்களும் மெல்ல, மெல்ல, உள்நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தன.